பாக்கு வில்லும் முப்பத்தாறு அம்பும்

வெள்ளிக்கிழமை, காலை 5.40. கோயம்புத்தூர்.

ஆறடி நீளச் சாமான் ஒன்றைப் பழைய போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு ஊட்டி பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். மனிதர்களின் கற்பனை எவ்வளவு தூரம் ஓடும் என்று தெரிந்துவிடும். என்னை ஏற்றி வந்த ஆட்டோக்காரர் அதைக் கர்ட்டன் கம்பி என்றார். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற அம்மாள் கட்டில் சட்டம் என்றார். நடத்துநர் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்.

“ஏனுங்க்கா, தொரட்டிங்களா அது? ஊட்டியில தென்னமரம் ஏதுங்க?”

“வில்லுங்க.”

“வில்லுங்களா! யாருங்க விடறது?”

“நாந்தானுங்க.”

என் நரைத்த தலையையும், முழங்காலில் மாட்டியிருந்த பட்டையையும் அவர் ஒருமுறை பார்த்தார். எனக்கு ஒரு டிக்கெட்டும், வில்லுக்கு ஒரு லக்கேஜ் டிக்கெட்டும் கிழித்தார். இந்தப் பார்வைக்கு நான் பழகிவிட்டேன் என்று எழுதலாம். அது பொய். ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று கோபம் வருகிறது.

என் பெயர் கோகிலா, வயது ஐம்பத்தொன்று. பம்ப்செட் கம்பெனி ஒன்றில் ஸ்டோர்ஸ் கிளார்க். நான்கு வருடமாக மொட்டை மாடியில் வில் செய்கிறேன். முதல் வில் மூங்கில்; நெடுக்காகப் பிளந்தது. இரண்டாவது வேம்பு, ஒருநாள் கூடத் தாங்கவில்லை. மூன்றாவது கற்பூர மரம், காயக் காயத் தானே முறுக்கிக்கொண்டு போனது. நான்காவது புளி. அது ஒடிந்தபோது என் இடது புருவத்தில் மூன்று தையல் போட்டார்கள். ஐந்தாவதுதான் போர்வைக்குள் இருக்கிறது. பாக்கு மரம்.

மர வில் விடுகிற சின்னக் குழு ஒன்று எங்கள் ஊரில் உண்டு, மொத்தம் பதினைந்து பேர். தலைவர் கந்தசாமி அண்ணன் ஜவுளிக்கடைக்காரர். வெளிநாட்டிலிருந்து வரவழைத்த யூ மர வில் வைத்திருக்கிறார். நெடுவில் என்றால் யூ மரம்தான், நம்மூர் மரமெல்லாம் அடுப்புக்குத்தான் ஆகும் என்பது அவர் கட்சி. போன மாதம் எல்லோரையும் வைத்துக்கொண்டு சொன்னார்:

“அம்மணி, இந்த வயசுல உங்களுக்கு எதுக்குங்க இந்தக் கஷ்டம்? அம்பு விடற கோட்டுல சின்னப் பசங்க நிக்கட்டும். நீங்க ஸ்கோர் புக்கைப் பாத்துக்குங்க. உங்க கையெழுத்தும் நல்லாருக்குது.”

எனக்கு வாய் சும்மா இருக்காது. ஊட்டிக்குப் பக்கத்துச் சோலூரில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் போட்டியில், நானே செய்த நம்மூர் மர வில்லில், முப்பத்தாறு அம்பையும் விட்டுக் காட்டுகிறேன் என்றேன். “நடுவுல ஒடஞ்சுதுன்னா?” என்று கேட்டார். ஒடிந்தால் இனிமேல் கோட்டுப் பக்கமே வரமாட்டேன், ஸ்கோர் புத்தகத்தோடு நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரும் சாட்சி. வாரத்தில் ஆறு நாள் நான் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். நின்றபடி செய்கிற காரியம் எனக்கு இது ஒன்றுதான். இதையும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

காலை 9.30. ஊட்டி.

ஒரு டீ, இரண்டு வர்க்கி, முப்பது ரூபாய். பத்து மணிக்குக் கூடலூர் பஸ். ஐம்பது கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். மற்றவர்கள் ஜன்னல் வழியாகப் பைக்காராவைப் பார்த்தார்கள், நான் மரங்களைப் பார்த்தேன். வில் செய்ய ஆரம்பித்ததிலிருந்து இந்த வியாதி. நிழலும் பூவும் கண்ணில் படுவதில்லை. வளையுமா, வளைந்தால் நிமிருமா என்றுதான் மனசு ஓடுகிறது. சாலை ஓரத்துக் கற்பூர மரங்களோடு எனக்குப் பழைய பகை. சீகை மரம் வளைந்து வளர்வதே அதன் சுபாவம். நடுவட்டம் ஊருக்குக் கீழே தேயிலைக்கு நடுவில் வரிசையாக நிற்கும் சில்வர் ஓக் பார்க்க நேராக இருக்கும், உள்ளே ரஸ்க் மாதிரி. வில்லுக்கென்றே பிறந்த மரம் தடசு. அது காட்டுக்குள் இருக்கிறது. காட்டு மரத்தைத் தொட்டால் கேஸ். அது நியாயம்தான்.

அதனால்தான் பாக்கு. பந்தலூர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு பாக்கு மரம் உண்டு, காய்ப்பு நின்றால் உரியவரே வெட்டிப் போடுவார். வெட்டியதை, என்னைப் போலவே வில் செய்கிற யோகன் வாங்கிக்கொள்வான். ஒரு தேயிலை எஸ்டேட் ஃபேக்டரியில் ஃபிட்டராக இருக்கிறான், முப்பத்தாறு வயது. இந்த வில்லுக்கான மரத்துண்டைப் போன வருடம் நான் நேரில் போய் வாங்கி வந்தேன். வில் முடிந்துவிட்டது என்று போனில் சொன்னதும் அவன் சொன்னது இதுதான்: “கீழ செஞ்ச வில்லு மலைக்கு வந்தா மாறிரும்க்கா. நேரா போட்டிக்குப் போயிராதீங்க. ரெண்டு நாள் முன்னாடி இங்க வாங்க.”

பிற்பகல் 2.20. பந்தலூர்.

கூடலூரிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர் வருவதற்குள் மூன்று மழை பெய்து ஓய்ந்திருந்தது. பஸ்ஸில் பாதிப் பேர் மலையாளம், பாதிப் பேர் தமிழ், சிலர் ஒரே வாக்கியத்தில் இரண்டும். யோகனின் வீடு எஸ்டேட் தொழிலாளர்களின் பழைய லயத்தில் கடைசி வீடு. அவனுடைய அம்மா ராசாத்தி சிலோனில் பிறந்தவர், சின்ன வயதில் கப்பலேறி வந்தவர். குடையை மடக்குவதற்குள் பால் சேர்க்காத டீயைக் கையில் கொடுத்துவிட்டார்.

“ப்ளேன் டீ குடிங்க. பால் ஊத்துனா டீயோட மொகம் தெரியாது.”

வீட்டின் பக்கச் சுவர்தான் யோகனின் பட்டறை. சுவரில் சுண்ணாம்பால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருக்கிறான். நடுவில் ஒரு முளை. அதில் வில்லின் பிடியை வைத்து, நாணில் கயிற்றைக் கொக்கி போட்டு, கீழே இருக்கும் கப்பி வழியாக இழுத்தால் வில்லின் இரண்டு கைகளும் எப்படி வளைகின்றன என்று கட்டத்தை வைத்துப் பார்த்துவிடலாம். இழுத்தான். இரண்டு கையும் ஒன்றுபோல் வளைந்தன. கயிற்றில் மாட்டிய தராசு முப்பத்துநான்கு பவுண்டு காட்டியது.

“நல்லாச் செஞ்சிருக்கீங்க” என்றான். எனக்குக் கால் தரையில் இல்லை.

“போன வருசமே கேக்கணும்னு நெனச்சேன் யோகா. காய்ப்பு நின்ன மரத்தை மட்டும் எதுக்கு வாங்கறே? எளசா இருந்தா சீவறதுக்கு லேசா இருக்குமில்ல?”

“எளசு நல்லா வளையும்க்கா. ஆனா நிமிராது. காய்ப்பு நின்னு பத்து வருசமாவது நின்ன மரத்துலதான் கருப்பு நார் கெட்டிப்படும். வளைச்சா திரும்பி அடிக்கும்.”

நான் சிரித்த சிரிப்பில் ராசாத்தியம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். என்ன சிரிப்பு என்று அவன் கேட்கவில்லை. மரத்துக்குச் சொன்னது என் வயதுக்கும் பொருந்தும் என்று அவனுக்கே புரிந்திருக்கும்.

ராத்திரி முழுக்க மலைக்காற்றுக்குப் பழகட்டும் என்று வில்லைக் கூரைக்குக் கீழே இரண்டு ஆணிகளின் மேல் படுக்கை வாட்டில் வைத்தான். காலை ஆறு மணிக்கு அவனுக்கு ஷிப்ட். “மத்தியானம் நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க” என்றும் சொல்லி வைத்தான். அவன் குளிக்கப் போன நேரத்தில் நான் அதை எடுத்துத் தடவிப் பார்த்தேன். பிறகு எங்கள் வீட்டில் வைப்பது போலவே, திண்ணை மூலையில் தரையில் ஊன்றிச் சுவரோடு சாத்தி வைத்தேன். நான் செய்த மடத்தனம் இதுதான்.

சனிக்கிழமை, காலை 7.00.

விடிந்ததும் வில்லை முளையில் வைத்து இழுத்தேன். கீழ்க்கை குழைந்து வளைகிறது, மேல்கை கட்டையாக நிற்கிறது. முப்பத்துநான்கு பவுண்டு முப்பதுக்கு இறங்கியிருந்தது. போட்டிக்கு ஒரு நாள். யோகன் வர ஏழு மணி நேரம். பையில் கண்ணாடிச் சில்லு இருந்தது. வில்லை நைசாகச் சீவ அதைவிட நல்ல ஆயுதம் கிடையாது. பாக்கில் வெளிப்பக்கத்தைத் தொடக்கூடாது, உள்பக்கம்தான் சீவ வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. மேல்கையின் உள்பக்கத்தில் பத்து இழுப்பு, பார்த்தேன். இன்னும் பத்து. நாற்பதாவது இழுப்பில் இரண்டு கையும் சமமாகிவிட்டன. என்னை நானே மெச்சிக்கொண்டு இன்னொரு ப்ளேன் டீ கேட்டு வாங்கிக் குடித்தேன்.

இரண்டரை மணிக்கு யோகன் வந்தான். கீழே கிடந்த சீவலைப் பார்த்தான். வில்லின் கீழ் நுனியை விரலால் அழுத்திப் பார்த்தான்.

“இது ராத்திரி எங்கக்கா இருந்துச்சு?”

“மூலையில சாத்தி வெச்சேன்.”

ராசாத்தியம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். “ஏன் புள்ள, இந்த மழையில லயத்துக்குள்ள கொடையக்கூட தரையில நிக்க வைக்க மாட்டமே!”

கோயம்புத்தூர்த் தரை வேறு, பந்தலூர்த் தரை வேறு. ராத்திரி முழுக்க சிமெண்டுத் தரையிலிருந்து கீழ்க்கை ஈரத்தை உறிஞ்சிக் குழைந்திருக்கிறது. மேல்கையில் ஒரு கோளாறும் இல்லை. நான் போய் அந்த நல்ல கையைச் சீவியிருக்கிறேன்.

“நீங்க மரத்தச் சீவலக்கா. ஈரத்தச் சீவிட்டீங்க” என்றான் யோகன்.

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். இதை எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

பிற்பகல் 3.15. ஃபேக்டரி.

எஸ்டேட் ஃபேக்டரியின் மேல்மாடிக்கு விதரிங் லாப்ட் என்று பெயர். பறித்து வந்த கொழுந்தை நீளமான கம்பிவலைத் தொட்டிகளில் பரப்பி, கீழிருந்து விசிறியில் சூடான காற்றை விட்டு வாட்டுகிற இடம். படியேறும்போதே வெட்டிய புல்லும் ஆப்பிளும் கலந்தது போல் ஒரு வாசனை. மலையில் மழைக்காலத்தில் வில்லைக் காய வைக்க யோகன் கண்டுபிடித்த வழி இது. அடுப்புக்கு மேலே வைத்தால் வெளியே காய்ந்து உள்ளே ஈரம் நிற்குமாம், வெடித்துவிடுமாம். இலையை வாட்டுகிற காற்று மரத்தையும் மெதுவாக வாட்டும். ஃபேக்டரியைக் கவனிக்கிற டீ மேக்கரிடம் ஏற்கெனவே அனுமதி வாங்கியிருந்தான். கடைசித் தொட்டியின் விளிம்பில் கொழுந்துக்குப் பக்கத்தில் என் வில் படுத்துக்கொண்டது.

மணிக்கொரு தரம் சாம்பிள் தராசில் வைத்து எடை பார்த்தோம். ஈரம் போகப் போக எடை குறையும். அடுத்தடுத்து இரண்டு முறை ஒரே எடை காட்டினால் தயார். ஆறரை மணிக்குக் காட்டியது. வீட்டுக்கு வந்து சுவரில் இழுத்தோம். பயந்தபடிதான். கீழ்க்கை விறைத்துக்கொண்டது, நான் சீவிய மேல்கை தொய்ந்து வளைந்தது.

யோகன் உள்ளே போய்த் தன் வில்லை எடுத்து வந்தான். அதுவும் பாக்குதான், கருங்கல் மாதிரி மினுங்கியது.

“இதை எடுத்துட்டுப் போங்கக்கா. முந்நூறு அம்பு விட்டாலும் ஒண்ணும் ஆவாது. பாத்தா யாருக்கும் வித்தியாசம் தெரியாது.”

“நானே செஞ்ச வில்லுன்னு சொல்லியிருக்கறேன் யோகா. உன்னுதுல நின்னு ஜெயிக்கறதுக்கு நாற்காலியிலயே உக்காந்துக்குவேன்.”

அவன் வற்புறுத்தவில்லை. ஒரே வழிதான் இருந்தது. மேல்கைக்குச் சமமாகக் கீழ்க்கையையும் சீவ வேண்டும். அப்போது வில் மொத்தமாக மெலிந்து இருபத்துநான்கு பவுண்டுக்கு வந்துவிடும். இழந்த வலுவை மீட்க இரண்டு நுனியிலும் இரண்டிரண்டு அங்குலம் அறுத்துவிட வேண்டும். குட்டையான வில் விறைப்பு கூடும். ஆனால் அதே இழுப்புக்கு அதிகமாக வளைந்தாக வேண்டும். ஒடிகிற ஆபத்தும் கூடும்.

“தாங்குமா?”

“தாங்கலாம். தாங்காமலும் போலாம். பொய் சொல்ல மாட்டேன்” என்று ரம்பத்தை என்னிடம் நீட்டினான். “நீங்களே அறுங்க. உங்க வில்லு.”

அறுத்தேன். நாண் மாட்டும் பள்ளத்தைப் புதிதாக அரத்தால் ராவினேன். தேன்மெழுகைச் சூடாக்கி நுனி முதல் நுனி வரை தேய்த்தேன். யோகன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்தான். இருபத்தெட்டு பவுண்டு. ஐந்தடி எட்டு அங்குலம்.

ஞாயிற்றுக்கிழமை, காலை 10.40. சோலூர்.

காலை ஐந்தரை பஸ்ஸில் கிளம்பி, கூடலூரில் மாறி, தலைக்குந்தாவில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்துச் சோலூர் வந்து சேர்ந்தேன். வந்த வழியெல்லாம் வில்லை மடியிலேயே வைத்திருந்தேன். இங்கே பளீரென்று வெயில். சரிவு முழுக்கப் படிப்படியாக முட்டைக்கோஸும் கேரட்டும். அறுவடை முடிந்த தோட்டம் ஒன்றில் சாக்குகளை அடுக்கி இலக்குப் பலகைகளை நிறுத்தியிருந்தார்கள். முப்பது மீட்டர். ஆறு சுற்று, சுற்றுக்கு ஆறு அம்பு. எங்கள் குழுவுக்குள் நடக்கும் போட்டிதான்; பதினோரு பேர் வந்திருந்தோம். ஸ்கோர் எழுத ஆள் கிடைக்காததால் கந்தசாமி அண்ணனே நடுநடுவே எழுதிக்கொண்டிருந்தார்.

என் வில்லைப் பார்த்தார். “என்னங்க அம்மணி, கட்டையாப் போச்சு? மழையில சுருங்கிருச்சுங்களா?” எல்லோரும் சிரித்தார்கள்.

“அறுத்துட்டேனுங்க. வில்லு அவ்வளவு நீளம் வேண்டாம்னுச்சு” என்றேன்.

முதல் மூன்று சுற்று சொல்லும்படி இல்லை. பாதி அம்பு பலகையின் ஓரத்தில், இரண்டு மண்ணில். ஆனால் வில் நின்றது. ஒவ்வொரு முறை நாணைக் கன்னம் வரை இழுக்கும்போதும் இடது கண்ணை என்னையறியாமல் மூடிக்கொண்டேன். அந்தப் புருவத்துக்கு ஞாபகசக்தி அதிகம்.

இருபத்திரண்டாவது அம்பில் ‘டிக்’ என்று ஒரு சத்தம். அம்பு போய்விட்டது. வில்லைத் திருப்பிப் பார்த்தேன். மேல்கையின் வெளிப்பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு நார் கிளம்பி நின்றது.

கந்தசாமி அண்ணன் வந்து பார்த்தார். இந்த முறை அவர் முகத்தில் கேலி இல்லை. “போதும் விடுங்க அம்மணி. மூஞ்சியில அடிச்சுதுன்னா கண்ணு போயிரும். நெசமாத்தான் சொல்றனுங்க.”

நெசம்தான். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. இன்னும் பதினான்கு அம்பு.

பக்கத்துத் தோட்டத்தில் முட்டைக்கோஸ் மூட்டைகளைத் தைத்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு வேலியோரம் வந்து நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருவர், என் வயதுதான் இருக்கும், கோணி ஊசியைத் தாவணி போல் போர்த்தியிருந்த துணியில் குத்திக்கொண்டு உள்ளே வந்தார். சரோஜா என்று மற்றவர்கள் கூப்பிட்டார்கள். படகர் மொழியில் ஏதோ சொன்னவர் என் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார்.

“இங்க கொடு. இதுக்கா நிக்கிற? மூட்டை வாய் கிழிஞ்சா தூக்கிப் போட்டுருவமா?”

கிளம்பிய நாரை விரலால் அமுக்கிப் படுக்க வைத்தார். இடுப்பிலிருந்த சணலை உருவி, ஒரு சுற்றின் மேல் இன்னொரு சுற்று ஏறாமல், பல்லைக் கடித்து இழுத்து இழுத்து இருபது சுற்றுச் சுற்றினார். நுனியைக் கடைசிச் சுற்றுகளுக்கு அடியில் ஊசியால் நுழைத்து வெடுக்கென்று இழுத்து அறுத்தார். ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. முடிச்சு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

“அப்ப இது நீங்க மட்டும் செஞ்ச வில்லு இல்லீங்களே” என்றார் கந்தசாமி அண்ணன்.

“வில்லு என்னுதுங்க. கட்டு அவங்களுது. அதையும் எழுதிக்குங்க.”

அவர் கோட்டிலிருந்து விலகி நின்றார். நான் ஏறி நின்றேன். இருபத்துமூன்று. கண்ணை மூடவில்லை. போனால் போகட்டும் என்று திறந்தே வைத்தேன். அம்பு பலகையின் நடுவட்டத்துக்கு அடுத்த வட்டத்தில் குத்தியது. இருபத்துநான்கு. நான்காம் சுற்று முடிந்தது. ஐந்தாம் சுற்றும் முடிந்தது. ஆறாம் சுற்றில் மற்றவர்கள் தங்கள் அம்புகளை விட்டு முடித்துவிட்டு என் அம்பை எண்ண ஆரம்பித்தார்கள். வேலியோரப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். முப்பத்துநான்கு. முப்பத்தைந்து. கடைசி அம்பு பலகையையே தொடாமல் மேலே பறந்து அடுத்த பாத்தியில் ஒரு முட்டைக்கோஸில் போய்க் குத்தி நின்றது. சரோஜா விழுந்து விழுந்து சிரித்தார். என் கையில் வில் முழுசாக இருந்தது.

பிற்பகல் 2.00.

முடிவை வாசித்தார்கள். கந்தசாமி அண்ணன் முதலிடம், யூ மர வில், 268. அது நல்ல வில்தான், அவரும் நன்றாக விட்டார். ஒவ்வொரு பெயராகக் கணீரென்று வாசித்துக்கொண்டே வந்தவர், கடைசிப் பெயருக்கு வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். எனக்குச் சங்கடமாக இருக்கும் என்று நினைத்திருக்கிறார். நல்ல மனசுதான்.

“சத்தமாப் படிங்ணா. பின்னால கேக்கல” என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “கோகிலா. பதினோராவது எடம். நூத்தி நாப்பத்தொண்ணு. முப்பத்தாறு அம்பு. வில்லு, பாக்கு மரம், சொந்தமாச் செஞ்சது.” “கட்டு, சோலூர் சரோஜாம்மா” என்றும் சேர்த்துக்கொண்டார். வேலியோரத்தில் கைதட்டல் அடங்க நேரமானது.

மாலை 4.10. தலைக்குந்தா.

சிக்னல் கிடைத்ததும் யோகனைக் கூப்பிட்டேன்.

“எத்தனாவதுக்கா?”

“கடைசி.”

“வில்லு?”

“முழுசா இருக்குது.”

“பின்னே என்னக்கா!” என்று அவன் கத்தியது பஸ் நிறுத்தத்தில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும்.

இனி மலை இறங்க வேண்டும். கீழே எங்கள் மாடியில் வெயில் காய்கிறது. இந்த வில் அங்கே இன்னும் கொஞ்சம் விறைக்கும், அதற்கேற்ப நான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊருக்கு ஊர் மரம் வேறு மாதிரி நடந்துகொள்கிறது என்பதை ஒரு ராத்திரியில், என் சொந்தச் செலவில் கற்றுக்கொண்டேன். நாளைக் காலை ஒன்பது மணிக்கு ஸ்டோர்ஸில் என் நாற்காலி இருக்கும், பில் கட்டுகள் இருக்கும். லீவு போட்டு எங்கே போனீர்கள் என்று கேட்பார்கள், போட்டியில் எத்தனாவது இடம் என்றும் கேட்பார்கள். கடைசி என்று சொல்வேன். யாரும் கேட்காவிட்டாலும் சொல்வேன்.